பத்தொன்பதாம் வளைவின் சீர்

கருவித் தேர்வுக் குழுவில் என்னைப் போட்டது என் மேல் இருந்த மரியாதையால் அல்ல, என் வாய்க்குப் பயந்து. வெளியே விட்டால் டீக்கடை டீக்கடையாக நின்று குறை சொல்லுவாள், உள்ளே உட்கார வைத்தால் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகவேண்டும் என்று என் அண்ணன் நினைத்தார். அண்ணன் குழந்தைவேல்தான் ஊசிமலை இழைக் கூட்டுறவின் தலைவர். நான் அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் கேபிள் ஒட்டுகிறவள். தலைமுடி அளவுக்கு மெல்லிசான கண்ணாடி இழை இரண்டை நேருக்கு நேர் வைத்து, பொறி பறக்க உருக்கி ஒட்டுவது என் வேலை. பெயர் கோகிலவாணி. பெயருக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஊரில் எல்லாரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று, ஆனி மாதம். அடிவாரத்து ஆபீசில் மேசை மேல் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று பழைய ஓடிடிஆர் வகை. இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். இரண்டாவது அதற்கே கொஞ்சம் பவுடர் பூசியது. மூன்றாவதைத்தான் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கம்பெனி வைத்த பெயர் 'சலனி'. நாங்கள் அதைக் 'காது' என்றோம்.

"மொதல்ல முனையைத் துடைக்கிற குச்சி நாலு பெட்டி வாங்குங்க. அழுக்கு முனையை மாட்டிட்டு எந்தக் கருவியில பார்த்தாலும் எல்லாம் பழுதுன்னுதான் காட்டும்" என்றேன்.

"குச்சி வாங்கலாம் அம்மிணி, நீ செத்த சும்மா இரு" என்றார் அண்ணன். எங்கள் பக்கம் தங்கையை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாசமும் உண்டு, அதட்டலும் உண்டு. அன்றைக்கு அதட்டல்.

கம்பெனி ஆள் ஜெரால்டு கோயம்புத்தூர்ப் பையன், நல்ல பேச்சுக்காரன். "அக்கா, இழைக்குள்ள வெளிச்சம் போறப்ப ஒவ்வொரு அடியிலயும் ஒரு துளி திரும்பி வரும். மேல யாராச்சும் நடந்தா மண்ணு அசையும், மண்ணோட இழையும் அசையும், திரும்பி வர்ற துளி லேசா நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் இது படிக்குது. ஜேசிபி கேபிள்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடும். மலைச்சரிவு லேசா நகர்ந்தாலும் சொல்லிடும். அறுந்த பிறகு ஓடறது இல்ல, அறுக்கறதுக்கு முன்னாடியே ஓடலாம்."

இதை நான் சும்மா தட்டிக் கழிக்க முடியாது. இப்போதெல்லாம் எங்கள் மலையில் அடைமழை நாலு மாதம் நிற்பதில்லை. போன வருஷம் மட்டும் அறுபத்தொரு இடத்தில் கேபிள் அறுந்தது. மேலே ஆஸ்பத்திரியில் தூரத்து டாக்டர் திரை வழியே பார்த்துக்கொண்டிருந்த பிரசவம் பாதியில் இருண்டுபோனது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அங்கிருந்த நர்சின் கைராசி. எங்கள் இன்ஜினியர் ஷபானா மேடம் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான் ஜெரால்டு. "நடையறின்னு ஒரு பகுதி. கூடவே சேர்த்து வாங்கிக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் நடை வேற. ஒரு தடவை இன்னார்னு பேரைச் சொல்லிட்டா, அப்புறம் அவங்க எங்க நடந்தாலும் இது அடையாளம் சொல்லும். கேபிள் இல்லாத தெரு இன்னைக்கு எங்க இருக்கு? சோதனைக்கு ஓடவிட்டதுல ஒரு மாசத்துத் தரவைக் காட்டறேன் பாருங்க. இதோ, இருபத்தொண்ணாம் வளைவு. வியாழக்கிழமை தவறாம ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. நாப்பது நிமிஷம். ரெண்டுமே பொம்பளை நடை."

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

வியாழக்கிழமை மலைப்பாதையில் ரோந்து போவது நான்தான். அது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ஷபானா மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கோகிலாக்கா, மாட்டிக்கிட்டீங்க. யாரு அது கூட்டாளி?"

"எஸ்டேட்டுப் பொண்ணு ஒருத்தி, மேடம். டீ கொண்டாந்து தருவா. குடிச்சுப் போட்டு ரெண்டு வார்த்தை பேசுவோம். அதுக்கும் இந்தக் காதுகிட்ட அனுமதி கேக்கணுமா?" என்று எகிறினேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது பாதிப் பொய். அந்த எஸ்டேட்டுப் பொண்ணு என் மகள் சம்யுக்தா. நாங்கள் நிற்பது இருபத்தொன்றாம் வளைவும் இல்லை, பத்தொன்பது.

இயந்திரம் ஏன் இடத்தை மாற்றிச் சொன்னது என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் கேபிள் ஒட்டும் எங்கள் குழுவின் குட்டு வெளிப்படும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். விஷயம் இதுதான். கேபிளை ஒட்டும் ஒவ்வொரு மூட்டிலும் பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டி, சேம்பர் என்கிற கான்கிரீட் தொட்டிக்குள் வைக்கவேண்டும். நாளைக்கு அறுந்தால் இழுத்து ஒட்ட உதவும். விதி பத்து. ரிஜிஸ்டரிலும் பத்து என்றே எழுதுவோம். ஆனால் எங்கள் குழுவில் யாரும் பத்தோடு நிறுத்தியதில்லை. கூட ரெண்டு சுற்று, நாலு சுற்று வைப்போம். அதற்குப் பெயர் சீர். போகிற இடத்தில் பெண் கஷ்டப்படக் கூடாது என்று அனுப்புகிறோமே, அந்தச் சீர். அதை நாங்கள் எழுதுவதும் இல்லை, அளப்பதும் இல்லை. பெண்ணுக்குக் கொடுப்பதை யாராவது முழம் போட்டு அளப்பார்களா?

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அண்ணன்தான். தலைவர் நாற்காலிக்கு வரும் முன் அவரும் சேம்பருக்குள் இறங்கிக் கேபிள் ஒட்டியவர். மூட்டை மூடும்போது, "மாமன் சீர் வெச்சாச்சு, மூடிக்கலாம்" என்பார். அது அப்படியே எங்கள் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

ஆக, இயந்திரம் இழையின் நீளத்தை அளக்கிறது, ரோட்டின் நீளத்தை அல்ல. ரிஜிஸ்டரை நம்பி, ஒரு மூட்டுக்குப் பத்து என்று கழித்துவிட்டு இடம் சொல்கிறது. எழுதாத சீரெல்லாம் சேர்ந்து, அது சொல்லும் இடத்தை மலை மேலே தள்ளிவிட்டது. ஜெரால்டு ஆட்கள் சரிபார்த்தது சமவெளியில் மூன்று இடத்தில் மட்டும். மலையில் மழை என்று ஏறவில்லை.

அன்றைக்கு அந்தச் சீர்தான் என்னைக் காப்பாற்றியது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மடச்சி.

சம்மு கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதன் பிறகு எங்களைத் தாங்கியது அண்ணன்தான், அதில் மறுபேச்சே கிடையாது. சம்முவைத் தன் மகனுக்கு எடுப்பது என்று அவர் மனசில் போட்டு வைத்திருந்தார். முறைப்பையன், கேட்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை. அவள் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் மணிமாறனைக் கட்டிக்கொண்டு மேலே, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய்விட்டாள். நல்ல பையன். ஆனால் எங்கள் சனம் இல்லை. அது போதாதா?

"இனி அந்தப் பொண்ணு பேரை யாரும் எடுக்கக் கூடாது. நீயும்தான் அம்மிணி" என்றார் அண்ணன்.

"சரிங்ண்ணா" என்றேன். அடுத்த வியாழக்கிழமையே ரோந்து என்று மலையேறிவிட்டேன்.

பத்தொன்பதாம் வளைவில் ரோடு போடும் ஆட்கள் விட்டுப்போன ஒரு கல் கொட்டகை உண்டு. அதன் உள்ளேயே ஒரு மூலையில் எங்கள் சேம்பர். வெளியே மழை ஊற்ற, சேம்பர் மூடி மேல் உட்கார்ந்து அம்மாவும் மகளும் தூக்குப்போசியைத் திறந்து தின்றுவிட்டுப் பேசுவோம். தை மாதத்திலிருந்து ஒரு வியாழன் தவறியதில்லை. அவள் மாசமான செய்தியையும் அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

குழு கூடிய அந்த வாரமும் போனேன். உட்காரும் முன் அவள் ஒரு கல்லை எடுத்து மூடி மேல் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இரண்டு தட்டு தட்டினாள். சேம்பரைத் திறக்கும் முன் பாம்பு இருந்தால் ஓடட்டும் என்று எங்கள் குழு தட்டும் தட்டு அது. சின்ன வயசில் என்னோடு வந்து பழகியது, விடவில்லை.

"ஆவணியில வளைகாப்பு வெக்கலாம்னு அவங்க வீட்டுல சொல்றாங்கம்மா" என்றாள். "மாமா வருவாரா?"

"வருவாரு, வருவாரு. குதிரை மேல வருவாரு."

"கிண்டல் பண்ணாதம்மா. தாய்மாமன் சீர் இல்லாம வளைகாப்பு வெச்சா லைன்ல எல்லாரும் என்ன பேசுவாங்க? பேசட்டும், அது கெடக்குது. எனக்கு அவரைப் பார்க்கணும் போல இருக்குது. அவரு தோள்ல ஏறிக்கிட்டுத்தான் நான் இந்த மலையவே பார்த்தேன்."

தக்காளிச் சோற்றை அவள் பக்கம் தள்ளினேன். எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. இந்த வியாழக்கிழமை நிலைக்கவேண்டும், என் அண்ணன் என் மகளைப் பார்க்கவேண்டும். காது வந்தால் ரோந்து வேண்டாம் என்றுவிடுவார்கள், முதலாவது போய்விடும். நடையறி என் நடைக்கும் அவள் நடைக்கும் பெயர் வைத்துவிட்டால் இரண்டாவதும் போய்விடும். ஆகவே குழுவில் ஒரு மாதம் முழுக்க அந்தக் காதுக்கு எதிராகக் கத்தினேன். மழையில் பேட்டரி தாங்காது என்றேன். சாதாரணப் பெட்டியே போதும், மனுசன் நடந்து பார்க்கிற மாதிரி வருமா என்றேன். ஓடிப்போகிற பெண்பிள்ளைகளை இனி ஆள் வைத்துத் தேட வேண்டாம், ஆபீசில் உட்கார்ந்தே பிடித்துவிடலாம் என்றும் ஒரு நாள் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

"அது வாங்கறவங்க எப்படிப் பயன்படுத்தறாங்கங்கறதைப் பொறுத்தது அக்கா" என்றான் ஜெரால்டு.

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். வாங்கறவங்க நாங்க. எங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியும்."

ஆடி மாதம் இரண்டாம் வியாழக்கிழமை ஓட்டெடுப்பு என்று வைத்துவிட்டார்கள். ரோந்து ரத்து. 'இன்னிக்கு வரலை, நீயும் வராதே' என்று சம்முவுக்குச் செய்தி அனுப்பினேன். மலையில் நாலு நாளாக டவர் இல்லை. செய்தி போகவில்லை என்பதை நான் பார்க்கவில்லை.

காலை பதினொன்றரை. ஓட்டெடுக்கக் கையைத் தூக்கச் சொல்லும் நேரம். மேசை மேல் இருந்த காது திடீரென்று அலறியது. திரை முழுக்கச் சிவப்பு.

"மலைச்சரிவு. பதினெட்டுல இருந்து இருபத்திரண்டாம் வளைவு வரைக்கும்" என்றான் ஜெரால்டு. "ரோட்டுல வண்டி எதுவும் கேக்கலை. நல்லவேளை. கேபிள் அறுபடலை, மண்ணுக்கடியில உசுரோட இருக்கு."

ஷபானா மேடம் மீட்புப் படைக்குத் தகவல் சொன்னார். மாவட்டத்துக்கே ஒரு 'சிலந்தி'தான் உண்டு. ஆறு காலில் சரிவு மேல் ஏறித் தோண்டும் இயந்திரம் அது. அன்றைக்கு அது பாதி மலையில், வேறொரு சின்னச் சரிவில் வேலையில் இருந்தது.

"இருங்க" என்றான் ஜெரால்டு. "ஏதோ தட்டற சத்தம். மண்ணுக்கடியில இருந்து. ஆள் இருக்காங்க! இருபத்தொண்ணாம் வளைவு."

அந்த நடுக்கத்தைச் சத்தமாக்கிப் போட்டான். கரகரவென்று ஓர் இரைச்சல். நடுவில் டொக், டொக், டொக். நிறுத்தம். டொக், டொக்.

"சிலந்தியை இருபத்தொண்ணுக்கு அனுப்புங்க, உடனே" என்று மேடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. இருபத்தொன்றில் சேம்பர் கிடையாது. மூடி இருக்கும் இடத்தில்தான் அந்தத் தட்டு. ரோந்து ரத்தாகி எங்கள் குழு முழுக்கக் கீழே இருக்க, அன்றைக்கு அந்த மலையில் அப்படித் தட்டுகிற ஆள் ஒருத்திதான் உண்டு.

"இருபத்தொண்ணு இல்ல!" என்று கத்தினேன். "பத்தொம்பது! கல் கொட்டகைக்குள்ள! மேடம், அங்க அனுப்பாதீங்க!"

"அக்கா, கருவி இருபத்தொண்ணுன்னு காட்டுது" என்றான் ஜெரால்டு. "பத்து இருபது மீட்டர் முன்னப் பின்ன இருக்கலாம். ரெண்டு வளைவு எப்படித் தப்பும்?"

மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "கோகிலாக்கா, சிலந்தியை ஓர் இடத்துல இறக்கிட்டா மறுபடி மாத்த நாப்பது நிமிஷம் ஆகும். உள்ள இருக்கறவங்களுக்கு அவ்வளவு நேரம் காத்து இருக்குமான்னு தெரியாது. நிச்சயமாத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

அந்த நொடியில் எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. அண்ணன் காலடியில் போய் விழுந்தேன்.

"அண்ணா, அது நம்ம சம்முண்ணா. வாரா வாரம் அங்கதான் பார்க்கறேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன். ரிஜிஸ்டர் பொய்யிண்ணா. நானும் சீர் வெச்சிருக்கறேன், நீங்களும் வெச்சிருக்கறீங்க. கீழ இருந்து அங்க வரைக்கும் ஏழு மூட்டு. நாலு நான் போட்டது. ஒவ்வொண்ணுலயும் முப்பது வெச்சிருப்பேன். மூணு உங்கது. நீங்க எவ்வளவு வெச்சீங்கன்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்கண்ணா!"

அண்ணன் என்னைத் தூக்கவில்லை. நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் எழுந்து திரைப் பக்கம் போயிருந்தார். அங்கே என்ன வேலை, யார் போகச் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"ரெண்டு மூட்டுல அறுபது அறுபது" என்றார். "பத்தொம்பதாம் வளைவுல மட்டும் நூத்தி இருபது."

"நூத்தி இருபதா!" என்றார் மேடம்.

"சம்மு பொறந்த அன்னிக்குப் போட்ட மூட்டுங்க அது. பொண்ணு பொறந்துருக்குதுன்னு சேதி வந்துச்சு. கையில இருந்த கேபிளை எல்லாம் சுத்தி உள்ள வெச்சுட்டு இறங்கி ஓடினேன்." விரலால் திரையைத் தொட்டார். "தம்பி, இந்தத் தட்டு எவ்வளவு அகலத்துக்குக் கேக்குது?"

ஜெரால்டு பார்த்தான். "அதான் சார் குழப்பமா இருக்கு. ஒரே தட்டு, நூறு மீட்டருக்கு மேல ஒரே நேரத்துல கேக்குது. மண்ணுல பரவுதுன்னு நினைச்சேன்."

"பரவலை. அது நான் வெச்ச சுத்து. சுருட்டி வெச்ச கேபிள் மேல நின்னு தட்டினா அத்தனை சுத்தும் ஒண்ணாத்தான் அதிரும். இந்த மலையில அத்தனை பெரிய சுருள் வேற எங்கயும் இல்லை. மேடம், பத்தொம்பது. என்ற மேல போடுங்க பொறுப்பை."

ஷபானா மேடம் ஒரு மூச்சு எடுத்தார், அவ்வளவுதான். "பத்தொம்பது. கல் கொட்டகை. நேரா அங்க" என்று போனில் சொன்னார்.

நாங்கள் ஜீப்பில் ஏறியதும் பதினேழாம் வளைவில் இறங்கி மண்ணில் விழுந்து எழுந்து ஓடியதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. எங்களுக்கு முன்பே மணிமாறன் மேலேயிருந்து வந்து சேர்ந்திருந்தான். வெறுங்கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான், நகமெல்லாம் ரத்தம். சிலந்தி அவனை ஓரமாக நகர்த்திவிட்டுத் தோண்டியது. அண்ணன் அவன் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் அண்ணன் தன் தோள் துண்டைக் கிழித்து அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

கொட்டகையின் கூரைக் கல் ஒன்று சாய்ந்து சேம்பர் மூலையில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தது. அந்த முட்டுக்குக் கீழே, மூடி மேல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் கல். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

"மாமா" என்றாள்.

"வந்துட்டேன் சாமி" என்றார் அண்ணன். அப்புறம் என்ன, நான் வாய்விட்டு அழுதேன். என் குரல் எப்படிப்பட்டது என்று அன்றைக்கு அந்த மலை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் குழு மறுபடி கூடியது.

எனக்கு ஒரே குழப்பம். எந்தக் காது வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேனோ அதுதான் என் பிள்ளையைக் கேட்டது. மரியாதையாக எழுந்து நின்று, "காதை வாங்கிடலாம். நான் பேசினது தப்பு" என்றேன்.

"பாதித் தப்பு" என்றார் ஷபானா மேடம்.

அப்போதுதான் அண்ணன் பேசினார். "காதை வாங்கலாம். நடையறி வேண்டாம். அந்தப் பகுதியே பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். முதல் நாளிலிருந்து முழுப் பெட்டியும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான்.

"சார், அது இல்லைன்னாலும் இடம் தெரியுமே" என்றான் ஜெரால்டு. "மலைமேல ஏறி ஒவ்வொரு வளைவுலயும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தா, ரிஜிஸ்டரையும் திருத்திடலாம். அப்புறம் துல்லியமா வரும்."

"வர வேண்டாம்" என்றார் மேடம். அவருக்கு ஏதோ ஒரு யோசனை வந்துவிட்டது. "ஜேசிபி வருதா, சரிவு நகருதான்னு தெரிய நானூறு மீட்டர் முன்னப் பின்ன இருந்தாப் போதும், ஆள் போய்ப் பார்த்துக்கலாம். ஆள் எந்த வீட்டு வாசல்ல நிக்கறாங்கன்னு தெரியறதுக்குத்தான் துல்லியம் வேணும். கோகிலாக்கா, ஒவ்வொரு மூட்டுப் பெட்டிக்குள்ளயும் வேற வேற நீளத்துல நாலு சுருள் வெச்சா, எதை இணைச்சிருக்கோம்னு மாத்திக்கிட்டே இருக்கலாம் இல்லையா?"

"மாத்தலாம் மேடம். ரெண்டு கிளிப் வேலை."

"பாதி மூட்டு உங்க கையில. பாதி இன்னொருத்தர் கையில. எழுதி வெக்கக் கூடாது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லக் கூடாது. உசுருக்கு ஆபத்துன்னா ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து வாயைத் திறங்க. அப்பத்தான் இடம் தெரியும். மத்த நேரம் அது கேட்டுக்கிட்டே இருக்கட்டும். எங்கேன்னு மட்டும் அதுக்குத் தெரிய வேண்டாம்."

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். "கேபிள் துறையில நீளத்தை வேணும்னே தப்பா வெக்கற முதல் ஊர் இதுதான் மேடம்."

"தப்புன்னு சொல்லாத தம்பி. அதுக்குப் பேரு சீர்" என்றேன்.

சுருள் மாற்றுவதற்காக வியாழக்கிழமை ரோந்து நிலைத்தது. துடைக்கும் குச்சியும் நாலு பெட்டி வந்தது.

ஆவணியில் லைன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு வளைகாப்பு. அண்ணன் சீர்த் தட்டுகளோடு வந்தார். ஜீப்பிலிருந்து இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. லைன் வீட்டுப் பெண் ஒருத்தி எண்ண ஆரம்பித்தாள். "சீரை எண்ணாதீங்க தாயி" என்றார் அண்ணன்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும், அவர் பந்தல் ஓரமாக நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"ஏண்ணா, நடையறி வேண்டாம்னு எதுக்குச் சொன்னீங்க? அன்னிக்கு நான் சொன்னதும் ஏன் ஒண்ணுமே கேக்கலை?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கம்பெனிக்காரங்க பெட்டியை என்ற ரூம்ல தை மாசமே வெச்சுட்டாங்க அம்மிணி. தலைவர் மட்டும் பார்க்கட்டும்னு. வியாழக்கிழமை ரெண்டு நடை. இருபத்தொண்ணுன்னு காட்டுச்சு. என்ற சுத்து எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? பத்தொம்பதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. உன்ற நடை எனக்குத் தெரியும். அவ நடையும் தெரியும். நடக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"எல்லாம் தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"வாரா வாரம் கதவைச் சாத்திக்கிட்டுக் கேப்பேன். அதுக்குத்தான் முழுப் பெட்டியும் வேணும்னு நின்னேன். வேற என்ன பண்ண? நேர்ல வர்றதுக்கு வீம்பு விடலை. ஆனி மாசத்துல அவ நடை மாறிருச்சு. காலை மெல்ல எடுத்து, கனமா வெச்சா. ரெண்டு உசுரு நடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு ரூமுக்குள்ள உட்கார்ந்து அழுதேன்." மூக்கை உறிஞ்சினார். "கேக்கக் கூடாததுதான் அது. அவ தெரியாம நடந்தா, நான் அவளுக்குத் தெரியாம கேட்டேன். நான் அழுதேன். என்ற எடத்துல இன்னொருத்தன் உட்கார்ந்திருந்தா அருவாளை எடுத்திருப்பான். அதான் வேண்டாம்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆறேழு மாதம் எங்கள் வியாழக்கிழமையை எங்களைக் கேட்காமல் பங்கு போட்டிருக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த அந்த மனுசனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. ரெண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பந்தலின் அந்தக் கோடியில் சம்மு மனையிலிருந்து எழுந்தாள். இரண்டு கை நிறைய வளையல். எங்களைப் பார்த்து, "என்ன மாமா, அங்கயே நின்னுட்டீங்க?" என்றாள்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"நீ வா சாமி. மெதுவா நடந்து வா. மாமன் கேக்கோணும்" என்றார்.